நான்காம் பேஸ்

விண்ணப்பப் படிவத்தில் முதற் கேள்வி
வெயிலில் எவ்வளவு நேரம் நிற்பீர்.
இரண்டாவது, சப்பாத்தின் அளவு.
மூன்றாவது, ஞாயிறுகளில் வேறு வேலை உண்டா.
மேளம் அடிக்கத் தெரியுமா என்று
பின்பக்கத்திலும் தேடினேன், இல்லை.

மாங்குளம் கூட்டுறவுக் களஞ்சியத்தின் பின்புறம்
கிரவல் நிலம்.
ஐந்து மீற்றருக்கு எட்டுக் காலடி,
கூடினாலும் குறைந்தாலும் திரும்பத் தொடக்கத்துக்கு.
சுண்ணாம்புக் கோட்டைக் காற்று கொண்டுபோனது,
அதற்குப் பிறகு கோடு எங்கள் கணுக்காலில் இருந்தது.
நாலு கிழமை ஒருவர் கையிலும் குச்சி இல்லை.
முன்னுக்கு நடந்தோம்.
குதிகால் மண்ணில் படாமல் பின்னுக்கு நடந்தோம்.
நண்டு மாதிரி, இடுப்புக்குக் கீழே ஒரு திசை
மேலே ஒரு திசை.

நாற்பத்திமூன்று பேர். வேண்டியது பதினெட்டு.
கல்யாண வீடுகளில் காசு மாலை வாங்கிய ட்ரம்காரர்
மூன்றாம் ஞாயிறு வரவில்லை.
பனிக்கன்குளத்துப் பங்கயன் மயங்கி விழுந்தான்,
சோடா குடித்தான்,
அடுத்தது இடது காலா வலது காலா என்று கேட்டான்.
அவனை எடுத்தார்கள்.

ஐந்தாம் கிழமை
பெரிய மேளம் முதல்முறை அதிர்ந்தபோது
ஒழுங்கையில் போன பெண்ணொருத்தி
சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு மதிலோடு குந்தினாள்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
மறு ஞாயிறிலிருந்து மூன்றரைக்கு ஒருவர்
வீடுவீடாகப் போய்ச் சொல்ல வேண்டும்:
நாலு மணிக்கு நாங்கள்தான், மேளம்தான்.
என் முறை வந்த நாளில் அவளுடைய படலையில் நின்றேன்.
ஓம், ஓம் என்றாள்,
என் கைக் குச்சியைத் தொட்டுப் பார்த்தபடி.

ஆடைத் தொழிற்சாலையில் நான் கொலர் தைப்பவள்.
நிமிடத்துக்கு ஒன்று, அவ்வளவு மந்தமான தாளம்.
இரவில் ரயர்த் துண்டின் மேல்
கைபேசி டிக் டிக்கென்ன, நூற்றிநாற்பத்துநாலு.
மணிக்கட்டு வீங்கியது.
உடுப்பு, பஸ், குருநாகலில் மூன்று நாள் சாப்பாடு:
முப்பத்தெட்டாயிரம்.
சீட்டைக் கழிவுக்கு எடுத்தேன்,
எவ்வளவு கழிவென்று வீட்டில் சொல்லவில்லை.

மிச்சக் காசுக்கு யானை உதவியது.
கமக்காரர் அமைப்புச் செயலாளர் வந்து,
வெடி விலை ஏறிப்போச்சு பிள்ளையள்,
ராவில எங்கட வரம்பில நிண்டு பழகுங்கோவன் என்றார்.
ஏழு இரவு, இரவுக்கு நாலாயிரம்.
ஆறு இரவு ஒன்றும் வரவில்லை.
ஏழாம் இரவு காட்டோரம் ஒரு கறுப்பு நின்றது,
முதற் பகுதி முழுக்கக் காதை ஆட்டியபடி நின்றது,
நான் பிந்திய இடத்தில் திரும்பிப் போனது.
இதைவிடக் கடுமையான நடுவரைப் பிறகு காணவில்லை.

நான் கேட்டது சைட் ட்ரம்.
களஞ்சியத்து இரும்புக் கதவில் ஒட்டிய தாளில்
என் பெயருக்கு நேரே: பேஸ், நான்கு.
ஐந்து மேளம், ஐந்து பேர், மின்னலாய் ஒரே ஓட்டம்.
த கி ட த க.
அதில் நாலாவது 'த' என்னுடையது.
மற்றது எதுவும் இல்லை.
ஒலுமடுச் சந்தியில் கேட்டார்கள்,
இந்த ஒரு எழுத்துக்கா இவ்வளவு வெயில்?
ஓம், இந்த ஒரு எழுத்துக்குத்தான்.
முந்தினால் மூன்றாம் பேஸ் கேதுசனின் சத்தத்தை மிதிப்பேன்,
பிந்தினால் அந்த ஓட்டத்தில் ஒரு பல் விழுந்துவிடும்.
அடிக்கப் பழக ஒரு கிழமை போதும்.
அடிக்காமல் நிற்கத்தான் ஆறு மாதம்.

இப்போது பஸ் மதவாச்சியைத் தாண்டுகிறது,
விடிய இரண்டு மணி.
நித்திரையிலோ விழிப்பிலோ
முன்னால் யாரோ கண்ணாடியில் தட்டுகிறார்கள்: த.
பின்னொரு இருக்கையிலிருந்து: கி.
கேதுசன்: ட.
கண் திறக்காமலே என் விரல்
இருக்கைக் கம்பியில் விழுந்தது.

ஐந்தாவது வரவில்லை.
அன்ரனீற்றா
வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.